பல்லக்குத் தெருவின் பதினாறு தோள்கள்

விய வருஷம், ஆவணி 27, வியாழன்

மூத்த பேரன் ஐயம்பெருமாள் மதுரையில் நூல் மில்லில் இருக்கிறான். நூல் சுற்றும் இருநூறு கதிர் ஒரே நேரத்தில் ஓட, ஒரு இழை அறுந்தாலும் இவன் கண்ணுக்குத் தப்பாதாம். போன மாதம் வேலையை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். அடுத்தவன் வேலாண்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டைக்கு நம்பர் போடுகிறான். இவன் நம்பர் போடாமல் வெள்ளைக்காரன் கப்பல்கூட நகராது. பேத்தி பொன்னுலட்சுமி நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நர்சு. இதுவரை முப்பத்தொரு பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறாள், அதில் இரட்டை இரண்டு. கடைக்குட்டி சொர்ணம் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் தங்கி ஐந்தாவது பாரம் படிக்கிறாள். சரித்திரத்தில் வகுப்பிலேயே முதல்.

இவர்கள் ஆச்சியாகிய நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அதில் நானும் முதல்தான். வகுப்பில் மொத்தம் மூன்று பேர் என்பதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

சொர்ணம் லீவு முடிந்து போகும்போது பழைய சரித்திர நோட்டை விட்டுவிட்டுப் போனாள். பாதி நோட்டு வெறுமையாகக் கிடக்கிறது. அதில்தான் இதை எழுதுகிறேன்.

இன்று அரண்மனைக் காரியஸ்தர் திருமலையப்ப பிள்ளை தெருவுக்கு வந்து நடு ரோட்டில் நின்று சத்தம் போட்டார். ஆறு வருஷமாக யுத்தத்தைச் சொல்லி நிறுத்தியிருந்த பல்லக்கு இந்த விஜயதசமிக்குப் புறப்படுகிறதாம். மகாராஜாவின் மகளைப் பெண் பார்க்க வேற்றூர் ஜமீனிலிருந்து சம்பந்திகள் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் செங்கரட்டூர் மகாராஜா பல்லக்கில் போய் அம்பு போட வேண்டுமாம்.

எங்கள் தெருவில் பதினாறு வீடு. பல்லக்குக்குப் பதினாறு தோள். வீட்டுக்கு ஒரு தோள் கொடுத்தால்தான் அரண்மனை மண்ணில் வீடு இருக்கலாம். தோள் கொடுக்காவிட்டால் மறுநாள் கூரையைப் பிரித்துவிடுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

"மாடத்தி, ஒன் வீட்டுத் தோளு ஐயம்பெருமாளு. வரச் சொல்லிரு" என்றார்.

"அவன் மில்லுல்லா இருக்கான், ஐயா. பத்து நாளு வராம இருந்தா வேலை போயிரும்."

"வேலை போனா வீடு இருக்கும். வீடு போனா வேலையிலயா படுத்துத் தூங்குவான்?"

நன்றாகத்தான் பேசுகிறார். வெற்றிலை குறைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

புரட்டாசி 1, செவ்வாய்

காலையில் உளுந்து காயப் போட்டேன். பத்து மணிக்கு அரண்மனையிலிருந்து கூப்பிட்டார்கள்.

அரண்மனை ரைட்டருக்கு ரேஷன் ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது. போனவன் பேனாவையும் கொண்டுபோய்விட்டான். காரியஸ்தரின் கண்ணாடி உடைந்து திருநெல்வேலிக்குப் போயிருக்கிறது. ஊரை விட்டுப் போன பதினாறு பேருக்கும் கடிதம் எழுத ஆள் வேண்டும். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "அரண்மனை உத்தரவு. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளுக்குள் வந்து தோள் கொடுக்கவும். தவறினால் வீடு பறிபோகும்." எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்கா?" என்று கேட்டார். "கண்ணுல ஒத்திக்கலாம், ஐயா" என்றேன்.

அவர் மோர் குடிக்க உள்ளே போனார். ஒவ்வொரு காகிதத்திலும் அடியில் இடம் மிச்சம் இருந்தது. யுத்த காலத்துப் பழக்கம், காகிதத்தை வீணாக்க மனம் வராது. நாலு வார்த்தை சேர்த்தேன். என்ன வார்த்தை என்பது காரியஸ்தருக்கு முக்கியம் இல்லை. அதனால் அதை வாசித்துக் காட்டவில்லை.

புரட்டாசி 4, வெள்ளி

சொர்ணத்தின் நோட்டில் முன்பக்கத்தை வாசித்தேன். "ஐரோப்பாவில் நிலப்பிரபுத்துவம் வீழ்ந்ததற்கான காரணங்கள்" என்று சிவப்பு மையில் தலைப்பு.

வெள்ளைக்காரன் ஊரிலும் நம்மைப் போல் இருந்திருக்கிறார்கள்! பிரபுவின் நிலத்தில் குடிசை. அதற்குப் பதில் பிரபுவுக்கு உழ வேண்டும், விறகு வெட்ட வேண்டும், மதில் கட்ட வேண்டும். உத்தரவு இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மகளைக் கட்டிக் கொடுக்கக்கூடக் கேட்க வேண்டும். இந்தத் துரைமாரின் பாட்டன் பூட்டனில் எத்தனை பேர் வெட்டி வேலை செய்தார்களோ! நம்மிடம் வந்து என்ன மிடுக்கு!

அதில் ஒரு இடத்தை மூன்று தடவை வாசித்தேன். அடிமைக் குடியானவன் ஒருவன் தப்பி, மதில் சூழ்ந்த பட்டணத்துக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் தங்கிவிட்டால் சுதந்திர மனிதன். அதன்பின் பிரபு அவனைக் கூப்பிட முடியாது.

ஐயம்பெருமாள் மதுரைக்குப் போனது போன புரட்டாசி பதினெட்டாம் தேதி. விரல் விட்டு எண்ணினேன். ஒரு வருஷமும் ஒரு நாளும் சரியாக இந்த விஜயதசமி அன்று முடிகிறது.

இது ஐரோப்பாச் சட்டம், தெரியும். ஆனால் மதுரைக்குப் பொருந்தாது என்று நோட்டில் எங்கேயும் எழுதவில்லை. மதுரைக்கும் மதில் இருந்ததுதானே.

புரட்டாசி 8, செவ்வாய்

ஐயம்பெருமாளிடமிருந்து கடிதம். நான் நினைத்தபடி இல்லை.

"ஆச்சி, வர வேண்டாம் என்று நீ அடியில் எழுதியதைப் பார்த்தேன். அது எப்படி? வேலை போனால் போகட்டும். உன் கூரையைப் பிரிக்க விட்டுவிட்டு நான் இங்கே நூல் பார்க்கவா? அப்பா பிடித்த கம்பை நானும் பிடிக்கிறேன். புறப்படுகிறேன்."

இந்தப் பயலுக்கு மூக்கு மட்டும் தாத்தா மூக்கு என்று நினைத்திருந்தேன். பிடிவாதமும் அதுதான்.

அவனுடைய அப்பா, என் மகன் முத்துமாலை. ஏழு வருஷத்துக்கு முன் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு, அம்பு போடுகிற கரட்டு மேட்டில் ஏறும்போது கால் இடறியது. கம்பு...

மழை வந்து, காயப் போட்ட உளுந்து நனைந்துவிட்டது.

உடனே பதில் எழுதித் தபாலில் போட்டேன். "இங்கே எல்லாம் சரியாகிவிட்டது. மகாராஜா மோட்டார் வாங்கிவிட்டார். பல்லக்கை எலிக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ வந்தால் எனக்குத்தான் அவமானம்." பொய் எழுதுவது பாவம் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது நாலாம் வகுப்புப் பாடம். அப்போது எனக்கு அம்மை போட்டிருந்தது.

புரட்டாசி 9, புதன்

மழை. தபால் இல்லை.

புரட்டாசி 12, சனி

கிணற்றடியில் சொர்ணத்தின் பாடத்தை வாசித்தேன். பேத்தியின் படிப்பை வாசிப்பது குற்றமா? பக்கத்தில் தண்ணீர் இறைத்த பெண்களுக்குக் காது இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

இன்று வந்தது கொள்ளை நோய்ப் பாடம். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்துப்போனதாம். அறுக்க ஆள் இல்லை, உழ ஆள் இல்லை. மிஞ்சியவர்கள் கூலி கேட்டார்கள். பழைய கூலிதான் தருவோம் என்று ராஜா சட்டம் போட்டுப் பார்த்தார். கதிர் வயலிலேயே உதிர்ந்தது. கடைசியில் பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். "நீ வெட்டி வேலை செய்ய வேண்டாம், வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டு, போதும்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு உச்சிமாகாளி வாளியைக் கீழே வைத்தாள். "ஏ மதினி, அதுக்குக் கொள்ளை நோயி வரணுமா? நமக்கு மில்லும் துறைமுகமும் வந்ததே போதும் போலிருக்கே. இந்தத் தெருவுல தோளுன்னு சொல்லிக்கிட எவன் இருக்கான்?"

"நான் பாடம்தான் வாசிச்சேன்" என்றேன்.

"நாங்களும் பாடம்தான் கேட்டோம்" என்றாள். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். கிணற்றடியில் மூன்று பேர்தான் இருப்பதாக நினைத்திருந்தேன்.

புரட்டாசி 15, செவ்வாய்

காரியஸ்தர் முகம் ஆறிப்போன தோசை மாதிரி இருந்தது. பதினாறு கடிதத்துக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. டவுனிலிருந்து கூலிக்கு ஆள் பிடிக்கப் போயிருக்கிறார். அவர்கள் கூலி கேட்டார்களாம், புது வேட்டி கேட்டார்களாம், போகும்போதும் வரும்போதும் டீ கேட்டார்களாம். பல்லக்குக்குள் யார் என்று கேட்டுவிட்டு, "அவருக்குக் கால் நல்லாத்தான இருக்கு?" என்றும் கேட்டார்களாம்.

"நாளன்னைக்குள்ள ஆளு வரலன்னா, பதினாறு கூரையையும் பிரிச்சிருவோம்" என்றார்.

நான் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டேன். பெரிய மகாராஜா காலத்தில் பக்கத்துத் தெரு நொண்டித் தாத்தா தோள் கொடுக்கப் போனபோது, "ஒன் தோளு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பித் தண்டோராவும் போட்டார்களே. அன்று முதல் அந்த வீட்டுக்குத் தோள் கடன் இல்லையே. அது மெய்தானா?

"மெய்யேதான்!" நிமிர்ந்துவிட்டார். "வந்து நின்ன தோளை அரண்மனையே வேண்டாம்னு சொல்லித் தண்டோரா போட்டா, அந்த வீட்டுக்கு அந்தக் கடன் தீந்துபோச்சு. மண்ணு அவாளுக்கே. அரண்மனை வாக்கு ரெண்டு படாது, தெரிஞ்சுக்கோ."

"சத்தமாச் சொல்லுங்க ஐயா, உச்சிமாகாளிக்குக் காது மந்தம்" என்றேன்.

சத்தமாகச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. உச்சிமாகாளிக்குக் காது மந்தம் என்பது எனக்கும் இன்றுதான் தெரியும்.

புரட்டாசி 17, வியாழன்

ஐயம்பெருமாளிடமிருந்து பதில் இல்லை. புறப்பட்டுவிட்டானா?

சாயங்காலம் கோவில் பின்பக்கம் நாங்கள் சில பேர் உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். உடம்புக்கு நல்லது. நர்சுப் பேத்தி எழுதியிருக்கிறாள், அல்லது எழுதுவாள்.

புரட்டாசி 18, வெள்ளி

சரஸ்வதி பூஜை. சொர்ணத்தின் நோட்டையும் ஏட்டையும் வைத்துக் கும்பிட்டேன். பாடத்தில் கடைசிக் காரணம் வெடிமருந்து. பீரங்கி வந்ததும் கோட்டை மதில்கள் பொடிப்பொடியாகப் போயினவாம். எங்களிடம் வெடிமருந்து கிடையாது. வெள்ளைச் சேலை இருக்கிறது.

புரட்டாசி 19, சனி

எழுத நேரம் இல்லை.

புரட்டாசி 20, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு அரண்மனை முற்றத்தில் பல்லக்கை இறக்கி வைத்திருந்தார்கள். தூசி தட்டி, புதுப் பட்டுத் திரை போட்டிருந்தார்கள். சம்பந்திகள் நாற்காலியில். அவர்கள் வீட்டுப் பெண்கள் உப்பரிகையில். ஊரே மதில் ஓரம் நின்றது. நான் கூட்டத்தில் உயரமான தலை ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

காரியஸ்தர் பட்டியலை வாசித்தார். மனப்பாடம்தான், கண்ணாடி இன்னும் வரவில்லை. "முதல் வீடு! மாடத்தி வீட்டுத் தோளு!"

நான் போய் முன்கம்புக்கு அடியில் தோளை வைத்து நின்றேன்.

"என்னளா இது?"

"தோளுதான் ஐயா. எங்க வீட்டுல இப்ப இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் பழக்க தோஷத்தில் அடுத்த வீட்டைக் கூப்பிட்டுவிட்டார். உச்சிமாகாளி வந்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. பதினாறு வீட்டுக்குப் பதினாறு பெண்கள். எங்களில் ஒன்பது பேர் தாலி அறுத்தவர்கள். ஒன்பது வெள்ளைச் சேலை பல்லக்குக் கம்பில் வரிசையாக நின்றது. மற்ற நாளில் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எங்களைப் பார்த்தால் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். நேற்று நாங்கள் ஒதுங்கி ஓரமாக நிற்கவில்லை. உத்தரவுப்படி வந்திருந்தோம்.

மகாராஜா தலைப்பாகையோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். காலடி அப்படியே நின்றது. உப்பரிகையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"தயாரா இருக்கோம் மகாராஜா, ஏறலாம்" என்றேன்.

"காரியஸ்தரே! என்னவே இது? மக கல்யாணப் பேச்சுக்கு முன்னால இப்படியா? வேண்டாம்! இவங்க தோளு வேண்டாம்! போகச் சொல்லும்!"

"காது கேக்கல மகாராஜா" என்றேன்.

"வேண்டாம்!"

"உச்சிமாகாளிக்குக் கேக்கல."

"பதினாறு பேரு தோளும் வேண்டாம்!" கொக்கு பறந்துபோகிற அளவுக்குக் கத்தினார்.

தப்படிக்கிற சங்கிலி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் கோலை எடுத்து, "இதனால் சகலருக்கும்! பல்லக்குத் தெருப் பதினாறு வீட்டுத் தோளும் அரண்மனைக்கு வேண்டாமுன்னு மகாராஜா உத்தரவு!" என்று மூன்று தரம் அடித்துவிட்டான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. முந்தாநாள் அவன் வீட்டுக்குக் கொஞ்சம் அதிரசம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் காரியஸ்தருக்குத் தான் சொன்ன வாக்கு ஞாபகம் வந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

அம்பு போடுகிற நேரம் நெருங்கிவிட்டது. மகாராஜா அசையாமல் நின்றார். சம்பந்திப் பெரியவர்தான் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, நடந்தே போவமே. ஒளிச்சு என்ன பண்ண? எங்க ஊர்லயும் தூக்க ஆளில்லை. போன வருசமே நடைதான். ஒங்க பல்லக்கைப் பாத்து மிரண்டுபோய் எங்க பல்லக்குக்கு எங்க போய் ஆளு தேடன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நடந்தார்கள். மகாராஜா தெருவில் நடந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஊர் நினைத்திருந்ததைவிடக் குட்டை. எங்கள் தெருவைத் தாண்டும்போது, "இந்தத் தெருவுல இத்தனை வேம்பு எப்ப வச்சாங்க?" என்று கேட்டார். எல்லாம் அவருக்கு மூத்த மரங்கள்.

கரட்டு மேட்டில் ஏறும்போது நான் பக்கத்தில் போனேன். "இந்த இடத்துல பாத்துக் காலை வைங்க, மகாராஜா. கல்லு புரளும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"எம் மகன் முத்துமாலை இங்கதான் விழுந்தான். கம்பு கழுத்துல எறங்குச்சு."

அவர் நின்றார். கல்லைப் பார்த்தார். "அன்னைக்குப் பல்லக்கு ஒரு பக்கமாச் சாஞ்சுது" என்றார். "திரை போட்டிருந்துது. நான் உள்ளேருந்து சத்தம் போட்டேன், நேராப் பிடிங்கடான்னு."

மிச்ச மேட்டுக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். நான் உதறவில்லை. உதறியிருக்கலாமோ என்று இன்று உலை வைக்கும்போது நினைத்தேன்.

ஐயம்பெருமாள் கூட்டத்தில் இல்லை. சந்தோஷம். அவன் வரவில்லை என்பது எனக்கு மிகவும் சந்தோஷம்.

புரட்டாசி 22, செவ்வாய்

ஐயம்பெருமாள் கடிதம். ரயில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கும்போது கூட வேலை செய்கிறவன் என் இரண்டாவது கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தானாம். "மகாராஜா எந்த மோட்டார் வாங்கினார், என்ன நிறம்?" என்று கேட்டிருக்கிறான்.

பச்சை என்று எழுதிப் போட்டேன்.

புரட்டாசி 24, வியாழன்

காரியஸ்தர் முத்திரைக் காகிதத்தோடு வந்தார். கண்ணாடியும் வந்துவிட்டது. இனித் தோள் கிடையாது, அதற்குப் பதில் வருஷா வருஷம் ஒவ்வொரு வீடும் அரண்மனைக்குப் பகுதிப் பணம் கட்ட வேண்டும், மண் குடியிருப்பவர்களுக்குப் பாத்தியம் என்று எழுதியிருந்தது. மகாராஜாவே சொல்லி எழுதச் சொன்னாராம். சொர்ணத்தின் பாடத்தில் இருந்ததே இங்கேயும் நடக்கிறது. அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. எங்களுக்கு ஒரு சாயங்காலம்.

"ஆம்பளை பேரு சொல்லு, எழுதணும்."

"குடியிருக்கிறது நான். எம் பேரை எழுதுங்க."

"பொம்பளை பேருலயா?"

"வேண்டாம்னு தண்டோரா போட்டது எந் தோளைத்தான. மண்ணுக்கு மட்டும் ஏன் ஆம்பளை?"

எழுதினார். நான் வாங்கி மூன்று முறை வாசித்தேன். அடியில் பொடி எழுத்தில், "அரண்மனை விரும்பினால் மறுபடி அழைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தது. அடித்துத் தரச் சொன்னேன். அடித்தார். அடித்த இடத்தில் கையெழுத்தும் போடச் சொன்னேன்.

புறப்படும்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். "மாடத்தி, நெசத்தைச் சொல்லு. அந்தப் பதினாறு கடுதாசிலயும் என்னளா எழுதின?"

"ஐயா சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன். பாதி நிஜம். மேல்பாதி.

புரட்டாசி 26, சனி

ஐயம்பெருமாளுக்குக் கடிதம் எழுதியாயிற்று. அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன், சொர்ணம் லீவுக்கு வரும்போது வாசிக்கட்டும்.

"மோட்டார் வாங்கவில்லை. அது பொய். பல்லக்கை எலிக்குக் கொடுத்தது பாதி மெய், நான் நேரில் பார்த்தேன். வீடு நம் வீடாகிவிட்டது. காகிதம் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. உன்னை இனி எந்த அரண்மனையும் கூப்பிட முடியாது. நான் கூப்பிட்டால் மட்டும் தீபாவளிக்கு வர வேண்டும், மில்லில் லீவு கொடுத்தால்.

இத்தனை வருஷம் இந்தச் சுவரில் நான் ஒரு ஆணி அடித்ததில்லை. அரண்மனைச் சுவர், கேட்டுத்தான் அடிக்க வேண்டும். யாரிடமும் போய்க் கேட்க எனக்குப் பிடிக்காது. இன்று காலையில் வாசலுக்கு நேர் எதிரே பெரிய ஆணியாக ஒன்று அடித்துவிட்டேன். உச்சிமாகாளி வந்து பார்த்துவிட்டு, ஆணி நன்றாக இருக்கிறது என்றாள். வெறும் ஆணியை எத்தனை நாள் பார்ப்பது?

என்னிடம் இருப்பது நீ இரவல் கோட்டுப் போட்டு அழுத முகத்தோடு நிற்கிற பழைய படம். அது வேண்டாம். மில்லில் உன் இருநூறு கதிருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று புதிதாக ஒரு போட்டோ பிடித்து, மடங்காமல் அட்டை வைத்து, ரிஜிஸ்தர் தபாலில் உடனே அனுப்பு."